நோட்டில் எழுதிய தொண்ணூற்றைந்து

லாத்தா,

இன்று சாயங்காலம் எங்கள் பூஜையில் இருந்தது மூன்றே பேர். கற்பூரத் தட்டோடு நான், கைகூப்பி நின்ற என் வீட்டுக்காரர், குவைத்திலிருந்து போனில் உங்கள் மகன். கற்பூரம் ஏற்றிய நேரத்தில்தான் அவன் அழைப்பு வந்தது. இவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“சாச்சி, வெள்ளிக்கிழமை ஊருக்கு வர்றேன். உம்மாவுக்கு முடியாம இருந்தப்ப நீங்க எழுதி வச்ச நோட்டு இருக்குல்ல? அத எனக்குத் தருவீங்களா? கடைசி நாள்ல நான் எதையும் பாக்கல. அதையாச்சும் பாக்குறேன்.”

உங்களை அக்கா முறையில் நான் லாத்தா என்பதால், அவனுக்கு நான் சித்தி முறைச் சாச்சி. “தர்றேன் தம்பி” என்றேன். அதற்குள் கற்பூரம் எரிந்து முடிந்துவிட்டது. வாசனை மட்டும் நின்றது. அந்த வாசனைக்கு இப்போதெல்லாம் எனக்குச் சாமி நினைவு வருவதில்லை, உங்கள் அறைதான் வருகிறது. இதை யாரிடம் சொல்வது?

கொரோனா இரண்டாம் முறை வந்து தெருத் தெருவாகத் தகரம் அடைத்த நாட்கள் அவை. எனக்கு வந்து போயிருந்தது. அந்தத் தைரியத்தில், பக்கத்து வீட்டில் காய்ச்சலில் தனியாகக் கிடந்த உங்களிடம் கொல்லைக் கதவு வழியாக வந்துகொண்டிருந்தேன். நோன்பு விட்டுப்போகிறதே என்பதுதான் உங்கள் கவலை. சுகாதார நிலையத்து நர்ஸ் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை வாசலில் வைத்துவிட்டு, “காலையும் சாயங்காலமும் பாத்து எழுதி வைங்க. தொண்ணூத்தி நாலுக்குக் கீழ போனா ஒரு நிமிஷம் காக்காதீங்க, போன் பண்ணுங்க” என்று தள்ளி நின்றே சொல்லிப் போனார்.

எழுதி வைப்பதற்கு நான் இருந்தேனே. எட்டாவதோடு நின்றவள் நான். சிலிண்டர் வந்த தேதி, பிள்ளைகளுக்குப் போட்ட ஊசி, திருநள்ளாற்றில் ஏற்றிய எள் விளக்கு எல்லாவற்றையும் எழுதி வைப்பதால்தான் தெருவில் எனக்கு ஒரு மரியாதை. நான் எழுதினால் தப்பாது என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு எங்கள் பஜனை வாட்ஸப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. கற்பூரம், ஓமம், கிராம்பு மூன்றையும் துணியில் கட்டி முகர்ந்தால் ஆக்ஸிஜன் ஏறிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்புவதில்லை என்றது அது. பேசியவர் யாரென்று தெரியாது. சாமிக்குக் காட்டும் பொருள் கெடுதல் செய்யாது என்று நம்பினேன். பதினோரு பேருக்கு அனுப்பினேன். உங்களிடம் பட்டன் போன்தான் இருந்தது. அதனால் உங்களுக்கு மட்டும் முடிச்சைக் கட்டிக் கையிலேயே கொண்டுவந்தேன்.

“என்னா புள்ள, உங்க சாமிக்குக் காட்டுறத எம் மூக்குல காட்டுற? நான் என்ன அம்பாளா?” என்று சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாகி நிற்கவே இல்லை.

மறுநாள் காலையில் கருவியை மாட்டினேன். ஆள்காட்டி விரலில் தொண்ணூற்றிரண்டு. முடிச்சை முகர்ந்த பிறகு எப்படி இறங்கும்? கருவிதான் சரியில்லை என்று நடுவிரலுக்கு மாற்றினேன், தொண்ணூற்றொன்று. மற்ற விரல்களிலும் பார்த்தேன். கடைசியாகக் கட்டைவிரலை என் உள்ளங்கையில் வைத்துச் சூடுபறக்கத் தேய்த்து மாட்டினேன். ஒரு கணம் தொண்ணூற்றைந்து காட்டிவிட்டு இறங்கியது. அந்தத் தொண்ணூற்றைந்தை எழுதினேன். மற்ற நான்கையும் எழுதவில்லை. காட்டாததை எழுதவில்லையே என்று மனத்தைச் சமாதானம் செய்துகொண்டேன். சாயங்காலம் கட்டைவிரலை மட்டும் தேய்த்து மாட்டினேன், தொண்ணூற்று நான்கு. நர்ஸ் போனில் கேட்டபோதும் அதையே சொன்னேன். “அப்ப சரி” என்று வைத்துவிட்டார்.

அதற்கடுத்த காலையில் உங்கள் உதடு கருத்திருந்தது. ஐந்து விரலும் ஒன்றாகச் சொல்லின, எண்பதுக்குப் பக்கத்தில்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் நோட்டைப் புரட்டினார். “நேத்து சாயங்காலம் தொண்ணூத்தி நாலா? ஒரே ராத்திரியில இவ்வளவு இறங்கிடுச்சா?” நான் நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அங்கிருந்து நீங்கள் வீட்டுக்கு வரவில்லை.

உங்கள் மகன் இன்றுவரை அதைத்தான் நம்புகிறான். “ஒரே ராத்திரியில ஆயிப்போச்சு, யாரு என்ன பண்ண முடியும் சாச்சி? நீங்க கூட இருந்தீங்களே, அது போதும்.” ஒவ்வொரு பெருநாளுக்கும் போன் செய்து இதையே சொல்கிறான்.

அந்தப் பதினோரு பேரிடமும் நான் போனேன், லாத்தா. அது பொய், என்னால் வந்த பொய் என்று வாசலில் நின்று சொன்னேன். மீன் கொண்டுவரும் பட்டினச்சேரி அக்கா மட்டும், “நான் அத அன்னிக்கே அழிச்சுட்டேன், நீ எதுக்குடி வெயில்ல அலையுற?” என்று மோர் கொடுத்து அனுப்பினாள். உங்கள் மகனிடம் சொல்லத்தான் இத்தனை நாளும் வாய் வரவில்லை. இப்போதும் இவருக்குப் பிரஷர் பார்த்து எழுதுகிறேன். முதலில் காட்டுவதைத்தான் எழுதுகிறேன். பிறகு எத்தனை முறை பார்த்தாலும் அந்த எண்ணை அடிப்பதில்லை.

விட்டுப்போன நான்கு எண்களையும் இன்று அதே பக்கத்தில் எழுதிவிட்டேன். ஒன்றும் மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவன் எதிரில் அந்தப் பக்கத்தைத் திறந்து, நான் செய்ததைச் சொல்லப்போகிறேன். அவன் இனி என்னைச் சாச்சி என்று கூப்பிடாமல் போகலாம். அதற்கும் சரி.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “பெருசா உள்ளத எழுது புள்ள. சின்னதச் சொன்னா அவன் அங்க பதறிப்போவான்” என்றீர்கள். அந்த எண் பொய்யென்று உங்களுக்கு அப்போதே தெரியுமா? தெரிந்துதான் மகனுக்காகச் சொன்னீர்களா, இல்லை என்னை நம்பிச் சொன்னீர்களா? இதை அவனிடம் சொன்னால் என் பாரம் கொஞ்சம் இறங்கும். ஆனால் இறங்குவது உங்கள் தலையில் அல்லவா?

சொல்லவா, வேண்டாமா? கனவில் வந்தாவது சொல்லுங்க லாத்தா. வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்க.