வெள்ளைப் பூனையின் சாட்சி

ஸ்ரீரங்கம்

அன்புள்ள சகுந்தலாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் தேக்குமரம் மாதிரி இருக்கிறேன்.

பதறாமல் படி. நம் இஸ்திரிக் கடைக்கு எதிர்வீட்டுப் பெரியவரை யாரோ கொன்றுவிட்டார்கள். அங்கே துணி கொடுத்துவிட்டு வந்த உன் தம்பி பூவரசனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. இப்போது விட்டுவிட்டார்கள். எல்லாம் என் மூளை! அந்த வீட்டு வாசலையே மிதித்ததில்லை என்று சாதித்த பெரியவரின் அண்ணன் மகன், என்னிடமே பேண்ட்டை இஸ்திரிக்குப் போட்டிருந்தான். அதில் வெள்ளை முடி!

"சார், இது பெரியவர் வெளியவே விடாம வீட்டுக்குள்ளேயே வளர்த்த பூனையோட முடி. டி.என்.ஏ. பாருங்க" என்று இன்ஸ்பெக்டருக்கே பாடம் எடுத்தேன்.

"முதல்ல பூனையைப் பிடிச்சுக் குடுங்க, அப்புறம் பாடம் எடுங்க" என்றார்.

அதன் வாயில் பஞ்சு வைத்து எச்சில் எடுப்பதற்குள் என் கையெல்லாம் கீறல். அந்த முடி இந்தப் பூனையுடையதுதான் என்று ஆய்வகம் சொன்னதும் அவன் மாட்டினான்.

ஆனால் தெருவில் பேர் வாங்கியது பூனை! அதுவும் இப்போது என் தலையில். தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டு என்னை முறைக்கிறது. கோயில் தெருவில் மீனுக்கு எங்கே போவேன்?

பூவரசன் அடுத்த வாரம் ஊருக்கு வருவான். நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பு. பூனைக்குத்தான். நீயே வறுத்துக் கொடுத்தால் நல்லது, அது அப்படித்தான் கேட்கிறது.

கடையில் ஆள் நிற்கிறது.

பிச்சமுத்து