பெட்டி தானா வரும்

நேற்றுக் காலை ரொறன்ரோவிலிருந்து உன் மகன் வட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தான். "அன்ரி, அம்மா போய்ச் சேர்ந்திட்டா." கையில் தேத்தண்ணியோடு அதை வாசித்துவிட்டு, எங்கே போனாள், எந்த பிளேனில் என்றுதான் முதலில் யோசித்தேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வெளிக்கிட்டுவிட்டாளே என்று கோபம்கூட வந்தது. பிளேன் ரிக்கற் எழுதுகிற வேலையில் தலை நரைத்தவளுக்கு அந்தச் சொல்லின் மற்ற அர்த்தம் நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கதிரையில் இருந்துவிட்டேன்.

அந்தச் சொல்லை எங்கள் ஒபிசில் தடைசெய்தவளே நீதான். நான் வேலைக்கு வந்த புதிதில், பயணம் போன ஒருவரின் வீட்டுக்காரர் ரெலிபோனில் விசாரித்தபோது, "ஓம், உங்கட அம்மா போய்ச் சேர்ந்திட்டா" என்று சந்தோஷமாகச் சொன்னேன். மறுமுனையில் ஒப்பாரி தொடங்கிவிட்டது. நீ ரிசீவரைப் பறித்து, மனுசி உயிரோடு இருக்கிறா, லண்டனில் மகளின் வீட்டில் சோறு சாப்பிடுகிறா என்று விளங்கப்படுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாய். "இறங்கிட்டா எண்டு சொல்லு. எங்கட ஆக்கள் இறங்குறவை. போய்ச் சேருறதில்லை."

உனக்கும் எனக்கும் ஒரே வயது. நீ எனக்கு ஒரு வருடம் முந்தி அங்கே சேர்ந்திருந்தாய். பத்து வருடம் முந்திச் சேர்ந்தவள் மாதிரி நடந்தாய். நீ கொட்டாஞ்சேனையிலிருந்து வருவாய், நான் வெள்ளவத்தையிலிருந்து. கொள்ளுப்பிட்டியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு மேசை, வருகிறவர்கள் இருக்க ஒரு நீள வாங்கு, முதலாளிக்கு ஒரு கண்ணாடி அறை. அவ்வளவுதான் ஒபிஸ். வாங்கில் எப்போதும் யாழ்ப்பாணத்துச் சனம் இருக்கும். விசா கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள், கிடைத்தும் போக மனமில்லாதவர்கள். எல்லாரிடமும் பொலிஸ் பதிவுத் துண்டும் அடையாள அட்டையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். யுத்தம் நடந்த அந்த நாட்களில் கொழும்பில் தமிழர் அது இல்லாமல் வாசற்படி தாண்டுவதில்லை.

நடுவில் இறங்கி வேறு பிளேன் மாறவேண்டிய பயணங்கள்தான் அநேகம். மற்ற இடங்களில் நேரம் குறைவான கனெக்சனைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்தார்கள். நீ மாட்டாய். நடுவில் மூன்று மணித்தியாலம் இல்லாத பயணத்தில் வயதுபோன ஆட்களை ஏற்றவே மாட்டாய். விமானக் கம்பனியே போதும் என்று சொல்கிற நேரத்தை இவள் யார் போதாது என்று சொல்ல என்று முதலாளி கத்துவார். "அவைக்குப் போதும் மாத்தயா, எங்கட ஆக்களுக்குப் போதாது" என்பாய். அவர் தமிழர்தான், உனக்குக் கோபம் வந்தால் சிங்களத்தில் ஐயா போட்டு அவரை மாத்தயா ஆக்கிவிடுவாய். நான் இதை வெறும் பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன்.

என் அம்மாவின் முறை வந்தபோதுதான் உன் பிடிவாதம் என் தலையில் விழுந்தது. என் தங்கச்சி லண்டனில் தாதிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் கட்டி, ஒப்பரேஷன், நாள் குறித்தாயிற்று. பக்கத்தில் இருக்க அங்கே ஒருத்தரும் இல்லை. என் விசாவை மறுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் கொடுத்தார்கள், அதுவும் கடைசி நேரத்தில். நத்தார்க் காலம், எல்லா பிளேனும் நிரம்பி வழிந்தது. ஒரேயொரு இடம் இருந்தது: வளைகுடாவில் இறங்கி, ஒரு மணித்தியாலத்துக்குள் அடுத்ததில் ஏறவேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்த இடம் ஒப்பரேஷன் முடிந்த பிறகுதான்.

"எழுதமாட்டன்" என்றாய்.

"அப்ப என்ர தங்கச்சி தனியக் கிடக்கட்டும் எண்டுறியோ?"

"உன்ர அம்மா அந்த எயார்போட்டில தனியக் கிடப்பா எண்டுறன்."

வாங்கில் இருந்த சனம் முழுவதும் பார்க்க நான் உன்னைப் பேசினேன். கல்நெஞ்சுக்காரி என்றேன். அதைவிட மோசமாகவும் சொன்னேன். நீ எழும்பி முகம் கழுவிவிட்டு வந்து, உன் அம்மாவின் கதையைச் சொன்னாய். சாப்பாட்டு விலை சொல்கிற குரலில்தான் சொன்னாய்.

உன் அம்மா ஜெர்மனியில் உன் அண்ணனைப் பார்க்க வெளிக்கிட்டவ. வளைகுடாவில் இறங்கியதும், மற்றவர்கள் எல்லாரும் கீழே போகக் கண்டு அவவும் போனா. பெட்டியை எடுக்க. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த வழியெல்லாம், பஸ் நின்ற ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும், பெட்டியை அவரவரே இறக்கி, அதன் பக்கத்தில் நின்று, திறந்து காட்டி, பிறகு அவரவரே ஏற்றவேண்டும். தனியாக ஒரு பெட்டி கிடந்தால் "மேக்க காகெத?" என்று ஆமிக்காரன் கத்துவான். இது யாருடையது என்ற அந்தக் கேள்விக்கு உடனே கை தூக்காவிட்டால் என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. வாகனம் மாறும்போது பெட்டியை விட்டுவிட்டுப் போகலாம் என்று உன் அம்மாவுக்கு எந்த மொழியில் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டா. கீழே குடிவரவு வரிசையில் நின்றிருக்கிறா. அவவின் முறை வந்தபோது, இந்த நாட்டுக்குள் வர உனக்கு விசா இல்லை என்றார்கள். மேலே பிளேன் போய்விட்டது. இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, ஜெர்மன் விசாவின் திகதியும் முடிந்துவிட்டதென்று கொழும்புக்கே திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருடம் கொட்டாஞ்சேனையில் செத்துப்போனா. உன் அண்ணனைக் கடைசிவரை அவ பார்க்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை, எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. நீயே ரிக்கற்றை இழுத்து எழுதத் தொடங்கினாய். "எழுதுறன். ஆனா அன்ரியை எனக்கு இந்தக் கிழமை தா."

என் அம்மாவுக்கு இங்கிலிஷ் நன்றாக வாசிக்கத் தெரியும். அரசாங்கக் கந்தோரில் வேலை செய்து பென்சன் எடுத்தவ. பிரச்சினை வாசிப்பில் இல்லை என்று உனக்குத் தெரிந்திருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் அறைக்கு வந்து, அம்மாவைக் கட்டிலில் இருத்தி, நீ தொடங்கினாய்.

"அன்ரி, கட்டுநாயக்கா எயார்போட்டில ரெண்டு போர்டிங் பாஸும் கேட்டு வாங்குங்கோ. பெட்டியில கட்டுற துண்டில லண்டன் எண்டிருக்கோ எண்டு பாருங்கோ. அதோட பெட்டியை மறந்திடுங்கோ."

"மறந்தால் நான் அங்க என்னத்தை உடுக்கிறது?"

"பெட்டி தானா வரும். வளைகுடாவில வழி ரெண்டாப் பிரியும், சனத்தோட கீழ இறங்காமல் அடுத்த பிளேனுக்குப் போற பக்கம் நீங்கள் நடவுங்கோ."

"தானா வாறதுக்கு அதுக்குக் காலிருக்கோ பிள்ளை?"

வாயால் சொல்லி வேலைக்காகாது என்று கண்டுதான் அந்த பஸ் ஒத்திகையைக் கண்டுபிடித்தாய். பெட்டியை நான் த்ரீவீலரில் உன் வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும். அம்மா வெள்ளவத்தையில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் இறங்கி, பெட்டியைப் பற்றி ஒரு சொல் கதைக்காமல் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறி உன் வீட்டுக்கு வரவேண்டும். நீ பின்னால் வருவாய், உதவமாட்டாய். அம்மா இதை விசர் வேலை என்றா. ஆனாலும் தங்கச்சிக்காக வெளிக்கிட்டா.

நான் வழியில் இரண்டு இடத்தில் பெட்டியைத் திறந்து காட்டி, அம்மாவின் உள்பாவாடைகளை ஆமிக்காரர் முன்னால் விரித்து மடித்து, ஒருமாதிரி உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். உங்களைக் காணவில்லை. வெகுநேரம் கழித்து இரண்டு பேரும் வந்தீர்கள். அம்மாவின் முகம் சிவந்திருந்தது, உன் முகம் வெளிறியிருந்தது. நடந்தது இதுதான்: புறக்கோட்டையில் இறங்கியதும் அம்மாவுக்கு எல்லாம் மறந்துவிட்டது. பஸ்ஸைச் சுற்றி வந்து, கொண்டக்டரைப் பிடித்து, "என்ர பெட்டி எங்க? பெட்டியைக் காணேல்ல" என்று பெரிய குரலில் கேட்டிருக்கிறா. யுத்த காலத்தில், புறக்கோட்டையில், பொட்டு வைத்த ஒரு தமிழ் மனுசி, காணாமற்போன பெட்டி ஒன்றைப் பற்றி. சனம் நாலு பக்கமும் சிதறியிருக்கிறது. பொலிஸ்காரர் ஓடி வந்திருக்கிறார். நீ முன்னால் பாய்ந்து, "பேக் எக்க கெதர, ராலஹாமி" என்று, பெட்டி வீட்டில் இருக்கிறது, மனுசிக்கு வயது போய்விட்டது, மறதி என்று சிங்களத்தில் கெஞ்சி, அடையாள அட்டைகளைக் காட்டி மீட்டு வந்தாய்.

"எனக்கு மறதியாம்" என்று அம்மா உன் வீட்டு வாசலில் நின்று சொன்னா. "ஒரு பொலிஸ்காரனுக்கு முன்னால என்னை விசரி ஆக்கிப்போட்டாள்."

நீ சிரிக்கவில்லை. "நாளைக்கும் போறம்" என்றாய்.

மறுநாள் நான் உன் ஜன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கொட்டாஞ்சேனை பஸ்ஸிலிருந்து இறங்கினா. பின்னால் திரும்பவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கோயில் வீதியுலாவில் வருகிற மாதிரி நிமிர்ந்து நடந்து வந்தா. உள்ளே வந்து இருந்து, "தேத்தண்ணி இருக்கோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டா. பெட்டி அவவின் காலடியில்தான் இருந்தது. அதைப் பார்க்கவும் இல்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவவின் கோபம் அப்படி.

அம்மா வெளிக்கிட்ட அடுத்த நாள் ஒபிசில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வேலையும் செய்யவில்லை. முதல் பிளேன் தாமதம் என்று கேள்விப்பட்டிருந்தோம். ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நான் கேட்டேன். "கேக்காதே" என்றாய். வாங்கில் இருந்தவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒருவரும் உரத்துக் கதைக்கவில்லை. ரெலிபோன் அடித்தபோது நீதான் எடுத்தாய். நான் உன் தோளில் தலையை வைத்துக் காதை ரிசீவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"ஓம் பிள்ளை, நான் இறங்கிட்டன்" என்றா அம்மா. "பெட்டிதான் இறங்கேல்ல."

நேரம் காணாமல் பெட்டி வளைகுடாவிலேயே நின்றுவிட்டதாம். அம்மா உடுத்த சீலையோடு லண்டன் குளிரில் இறங்கியிருக்கிறா. அதற்கு உன்னைப் பேசினா. தானா வரும் என்றாயே, காலிருக்கோ என்று நான் அப்பவே கேட்டன் அல்லவா என்று பேசினா. நீ "ஓம் அன்ரி, ஓம் அன்ரி" என்று வாங்கிக்கொண்டாய். தங்கச்சிக்குப் பக்கத்தில் அம்மா இருக்கப் போகிறா என்பதைத் தவிர ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

பிறகு அம்மா சொன்னா: "நீ சொன்ன மாதிரி அதில வழி ரெண்டாப் பிரிஞ்சுது. சனம் முழுக்கக் கீழ இறங்குது. எனக்கு முன்னால ஒரு மனுசி, எங்கட ஆள்தான், அவவும் இறங்கப் பாத்தா. எங்க போறியள் எண்டு கேட்டன். லண்டனுக்காம், பெட்டி எடுக்கப் போறாவாம். நான் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு ஓடினன். என்னை வாயில வந்தபடி பேசினவ. நான் விடேல்ல. பிளேனுக்க ஏறினாப் பிறகுதான் விட்டனான்."

"அவவின்ர பேர் என்ன அன்ரி?" என்று கேட்டாய்.

"ஆர் பேர் கேட்டது? மூச்சு வாங்கவே நேரமில்லை."

நீ ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதாய். உன் அம்மாவின் கதையைச் சொன்ன அன்று அழாதவள், முதலாளியும் வாங்குச் சனமும் பார்க்க, தோள் குலுங்க அழுதாய். "என்ர அம்மாவின்ர கையை ஒருத்தரும் பிடிக்கேல்ல, ஒருத்தரும் பிடிக்கேல்லையடி" என்றாய். நான் ரிசீவரை எடுத்தேன். அம்மா அங்கிருந்து கத்திக்கொண்டிருந்தா.

"அந்தப் பிள்ளை ஏன் அழுகிறா? பெட்டி நாளைக்கு வந்திடுமாம். அழவேண்டாமெண்டு சொல்லு."

ஒப்பரேஷன் அன்று தங்கச்சி கண் விழித்தபோது அம்மா பக்கத்தில் இருந்தா. தங்கச்சி இன்றைக்கும் இருக்கிறாள், அம்மா இல்லை, இப்போது நீயும் இல்லை. யுத்தம் முடிந்து, உன் மகன் உன்னைக் கனடாவுக்குக் கூப்பிட்ட பிறகு நாங்கள் ரெலிபோனில்தான் சண்டை பிடித்தோம்.

உனக்கு ஒன்று சொன்னேனோ தெரியாது. தங்கச்சியிடம் போய் வருகிற ஒவ்வொரு முறையும், பிளேன் மாறுகிற இடத்தில், வழி இரண்டாகப் பிரிகிற அந்த மூலையில் நான் கொஞ்சம் நிற்பேன். போன முறை சீலை கட்டிய ஒரு மனுசி தயங்கித் தயங்கிக் கீழே இறங்கப் பார்த்தா. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். அவ ஆந்திராக்காரி. அவவின் பயணம் அங்கேயே முடிகிறதாம், மகன் வெளியே காத்துக்கொண்டிருக்கிறானாம். தெலுங்கில் நல்ல பேச்சு விழுந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

நாளை மறுநாள் உன் செத்தவீட்டுக்கு வருகிறேன். நடுவில் நேரத்தை நீட்டித்தான் ரிக்கற் எழுதியிருக்கிறேன். அந்த மூலையில் நிற்பேன். பிழையான ஆளாக இருந்தாலும் பிடிப்பேன்.