பிரதம அதிதிக்கு வைத்த மின்விசிறி

காலையில் சட்டையைத் துவைக்கப் போட எடுத்தபோது பையிலிருந்து எண்ணெய் வாசம் வந்தது. கையை விட்டுப் பார்த்தேன். கடதாசியில் சுற்றிய பற்றிஸ், ஒன்றல்ல, இரண்டு. நேற்று மாலை சிற்றுண்டித் தட்டு என் முன்னால் வந்தபோது கை தன்பாட்டில் இரண்டை எடுத்திருக்கிறது. எனக்கொன்று, உனக்கொன்று. நீ போய் எட்டு மாதமாகிறது. இருபது வருடப் பழக்கம் எட்டு மாதத்தில் விட்டுப்போகாது போலிருக்கிறது.

நேற்று நகரத்தில் ‘கலை உலா’ நடந்தது. பெயரைக் கேட்டதுமே நீ சிரித்திருப்பாய். நாலு இடங்களில் ஓவியக் கண்காட்சி. மாலை நாலரைக்குத் தொடங்கி மக்கள் கூட்டமாக நடந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்களாம். ‘நான்கு காட்சிக்கூடங்கள்’ என்று நோட்டீசில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். முதலாவது காட்சிக்கூடம் ஒரு புடைவைக்கடையின் மேல்மாடி. இரண்டாவது ஒரு ரியூட்டரி வகுப்பறை. கரும்பலகையில் எழுதியிருந்த கணக்கை அழிக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. அதையும் ஒரு படைப்பென்று நினைத்து ஒரு அம்மா கொஞ்சநேரம் நின்று பார்த்தா. மூன்றாவது ஒரு தேவாலய மண்டபம். நாலாவது, மூடிக்கிடந்த ஒரு பழைய ஸ்ரூடியோ. அந்த நாலாவதில் தொங்கியவை உன் படங்கள்.

உன் படங்கள்! அந்தச் சொல்லை எழுத எனக்கு இன்னும் கோபம் வருகிறது. போன கிழமை உன் மனைவி தொலைபேசியில் அழைத்து, “அண்ணன், அவர்ட படங்களையும் வைக்கப் போறாங்களாம். கூட்டாளி எண்டு நீங்கதான் ரெண்டு வார்த்தை பேசணும்” என்றா. நான் “என்ன படம் தங்கச்சி?” என்று கேட்டேன். “உங்களுக்குத் தெரியாதெண்டு எனக்குத் தெரியும்” என்றா. ஒரே நீர்ப்பாசனக் கந்தோரில் ஒன்றாக வேலை செய்தோம். நான் கடதாசிக் கோவைகளோடு மாரடித்த இலிகிதன், நீ வாய்க்காலையும் குளத்தையும் அளவாகக் கீறுகிற படவரைஞன். என் சுகவீனம், என் மகளின் கலியாணம், என் மூலநோய்வரை உனக்குத் தெரியும். நீ வீட்டில் வர்ணம் குழைத்தது எனக்குத் தெரியாது. பேச ஒப்புக்கொண்டேன். என்ன பேசுவதென்றுதான் தெரியவில்லை.

உலாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு இடத்திலும் மங்கல விளக்கேற்றல். ஒவ்வொரு இடத்திலும் மௌன அஞ்சலி, வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை. நாலு இடத்துக்கும் அதே குத்துவிளக்கை ஒரு முச்சக்கரவண்டியில் ஏற்றி இறக்கினார்கள். பிரதம அதிதி நடக்கவில்லை. அவருடைய வாகனம் மனிதர் நடக்கிற வேகத்தில் முன்னால் ஊர்ந்தது, புகையைக் குடித்தபடி நாங்கள் பின்னால் உலாவினோம். மூன்றாவது இடத்துக்குள் அவர் கழுத்தில் மூன்று பொன்னாடை, நல்ல புழுக்கம், ஆனாலும் ஒன்றைக்கூடக் கழற்ற மனமில்லை. விளக்குக்கும் மைக்குக்கும் முன்னால் நின்ற கூட்டத்தில் படத்தைப் பார்க்கத் திரும்பியவர்களை ஒரு கை விரலால் எண்ணலாம்.

படங்களையும் சொல்லவேண்டுமா? வாவி. வாவியில் தோணி. தோணிக்குப் பின்னால் செக்கச்சிவந்த சூரியன். ஓரத்தில் ஒரு தென்னை, தூரத்தில் கல்லடிப் பாலம், துணிச்சலானவர்கள் பாலத்துக்குக் கீழே ஒரு மீன்பெண்ணையும் வைத்திருந்தார்கள். இருபது வருடமாக நாம் கண்காட்சி கண்காட்சியாகச் சேர்ந்து பார்த்த இதே வாவி. ஒரு தடவை இப்படி ஒரு மண்டபத்தை விட்டு வெளியே வந்து, “வாவியைக் கீறுறவன் எல்லாரையும் அந்த வாவிக்குள்ளயே தள்ளவேணும்” என்று நான் சொன்னது நினைவிருக்கிறதா? நீ பற்றிஸைக் கடித்தபடி, “பற்றிஸ் நல்லாயிருந்தா படம் மோசமெண்டுதான் அர்த்தம், மச்சான்” என்றாய். நான் அதை உன் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

கண்காட்சிகளில் நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு முழம் தள்ளி நிற்பேன். நீ மூக்கு முட்டுகிற மாதிரிக் கிட்டப் போய் நிற்பாய். இவன் என்னைவிட நுணுக்கமாகக் குறை தேடுகிறான் என்று பெருமைப்பட்டேன். எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று படித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். பக்கத்திலேயே நின்ற எனக்கு அது விளங்கவில்லை. இந்த இலட்சணத்தில் நான் மாத இதழில் கலை விமர்சனம் எழுதினேன்.

அந்த விமர்சனங்களில் ஒன்றுக்குத்தான் நீ ஒரு தடவை முகம் சுளித்தாய். ஏறாவூரில் தையல்கடை வைத்திருந்த ஒருவர், கரையில் வலை காயப்போட்டிருக்கிற படமொன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார். அவருடைய முதல் கண்காட்சி. ‘துணி வெட்டும் கை துணியோடு நிற்பது நகரத்துக்கு நல்லது’ என்று எழுதினேன். வாசித்தவர்கள் எல்லாரும் கந்தோருக்கு வந்து என் முதுகில் தட்டினார்கள். ஒரு மாதம் கழித்து நீ மேசையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாய்: “அந்த மனுசன் அதுக்குப் பிறகு தூரிகையத் தொடவே இல்லையாம்.” நான், “நகரம் தப்பிச்சுது” என்றேன். நீ சிரிக்கவில்லை. “படத்தில பிழை சொல்லு மச்சான். ஆளை முடிச்சிராத” என்றாய். மறுநாள் வழமைபோல என்னோடு தேத்தண்ணி குடித்தாய். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

நேற்று ஸ்ரூடியோவுக்குள் நுழைந்தபோது என் பயமெல்லாம் ஒன்றுதான்: படங்கள் மோசமாக இருந்தால்? மோசமாகத்தான் இருந்தன. இருபத்துமூன்று கடதாசிகள். குறுக்கும் நெடுக்குமாகத் தங்கூசி நூல் கட்டி, உடுப்புக் கொழுவுகிற கிளிப்பால் மாட்டியிருந்தார்கள். வாசலில் நின்று பார்த்தால் முதலாவதில் வாவி. வாவியில் தோணி. பின்னால் சூரியன். துரோகி! என்னோடு சேர்ந்து அத்தனை பேரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, தன்னாமுனை வீட்டுக்குப் போய் இதையா வரைந்துகொண்டிருந்தாய்? என் சட்டைப்பையில் நான் எழுதிக்கொண்டுவந்த பேச்சு இருந்தது. ‘வாவியின் மைந்தன்’, ‘வர்ணங்களின் காதலன்’, இந்த வகைக் குப்பை. மற்றவர்கள் பேசினால் காறித் துப்பியிருப்பேன். உனக்காக நானே எழுதியிருந்தேன்.

அப்போது பிரதம அதிதிக்கு வியர்த்தது. அமைப்பாளர் ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையிலிருந்து உயரமான மின்விசிறி ஒன்றைத் தூக்கிவந்து, அவர் கதிரைக்குப் பக்கத்தில் வைத்து, முழு வேகத்தில் சுழலவிட்டார். இருபத்துமூன்று கடதாசியும் ஒரே நேரத்தில் துள்ளித் திரும்பின. நூல் முறுகிக்கொண்டது. கண்காட்சி முழுக்கச் சபைக்கு முதுகைக் காட்டி நின்றது.

“ஐயோ, படமெல்லாம் கிறுகித்து! ஃபேனை நிப்பாட்டுங்க” என்று யாரோ கத்தினார்கள். “ஐயாவுக்குப் புழுங்கும், கிடக்கட்டும்” என்றார் அமைப்பாளர். படத்துக்காக விசிறியை நிறுத்தலாமா, அதிதிக்காகப் படத்தைத் தியாகம் செய்யலாமா என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் அரை நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

முதுகுப்பக்கம் வெறுமையாக இல்லை. உன் எழுத்து. வரைபடங்களின் ஓரத்தில் நீ எழுதுகிற அதே அச்சுப் போன்ற எழுத்து. பிரதம அதிதி கண்ணாடியைச் சரிசெய்து, இருந்த இடத்திலிருந்தே வாசித்தார்: “‘தோணி தண்ணியில மிதக்கல்ல. கோந்து பூசி ஒட்டினாப்போல கிடக்கு.’” கூட்டம் சிரித்தது. அடுத்தது: “‘இது சூரியனா, பொரிச்ச முட்டையா?’” இன்னும் சிரித்தது. “‘தென்னைக்குத் தடிமன் பிடிச்சிருக்கு.’” “‘பாலத்தை இப்பிடிக் கீற வெக்கமில்லையா? நீ ஒரு படவரைஞன்!’” அவர் அமைப்பாளரைப் பார்த்து, “நல்ல நகைச்சுவையான கலைஞர்” என்றார். “ஓம் ஐயா, இது ஒரு புதிய உத்தி” என்றார் அமைப்பாளர். அந்த மனிதர் அதற்கு முன் அந்தப் பக்கத்தைப் பார்த்தே இருக்கமாட்டார்.

எனக்குக் காது சுட்டது. ஒவ்வொரு வசனமும் என்னுடையது. நான் சொல்லாதவை, ஆனால் என் வாயிலிருந்து வந்திருக்கக்கூடியவை, சொல் மாறாமல். உன் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றா.

“அது நீங்க கதைக்கிற கதைதான் அண்ணன்.”

“நான் இந்தப் படங்களைக் கண்டதே இல்லியே, தங்கச்சி.”

“நீங்க என்ன சொல்லுவீங்க எண்டு அவரு எழுதினது. கீறி முடிச்சா சுவரில சாத்தி வைச்சிற்று, உங்களப்போல கையைப் பின்னால கட்டிற்று நிண்டு பார்ப்பாரு. மறுகா பின்பக்கத்தில எழுதுவாரு. அடுத்ததில அதைத் திருத்துவாரு.”

“எனக்கு ஏன் காட்டல்ல?”

“நானும் கேட்டன். ‘அவன் சொல்லப்போறது எனக்குத் தெரியும். அவன்ட வாயால கேட்டா மறுகா நான் கீறமாட்டன்’ எண்டாரு.”

நூலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படமாகத் திருப்பி, முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு போனேன். ஏழாவது படத்தில் தோணி மிதந்தது. ஒன்பதாவதில் தென்னை இல்லை. பதினைந்தாவதில் சூரியன் போய்விட்டது. பாலம் நேராகி, பிறகு அதுவும் போய்விட்டது. இருபத்துமூன்றாவதில் பனிச்சங்கேணித் தண்ணீர் மட்டும், மத்தியான வெயிலில். எனக்கு அந்த இடம் தெரியும். கந்தோர் ஜீப்பில் ஒருநாள் போயிருந்தோம். எல்லாரும் வண்டியில் ஏறியபிறகும் நீ கரையில் நின்றாய். “என்ன, நீயும் கீறப் போறியோ?” என்று கத்தினேன். ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “எனக்கென்ன விசரா?” என்று சொல்லிக்கொண்டு ஓடிவந்து ஏறினாய். அந்தப் படத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. எழுத முன்னம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாய் என்றா உன் மனைவி.

என் பெயரை அழைத்தார்கள். பேச்சுத்தாளை வெளியே எடுக்கவில்லை. “இவர் என்ர கூட்டாளி. இவர் கீறினது எனக்குத் தெரியாது. தெரியாமப் போனதுக்கு நான்தான் காரணம்” என்று மட்டும் சொன்னேன். விளங்கிய முகம் ஒன்றையும் காணவில்லை. ஆனால் கைதட்டினார்கள், அதற்கு விளங்கத் தேவையில்லை. எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அது இப்போது கதிரையில் கிடக்கிறது. சாமான் தூசு தட்ட உதவும்.

கடைசிப் படத்தை உன் மனைவி என்னிடமே தந்துவிட்டா. காலை முழுக்க அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முழம் தள்ளி நின்று அல்ல, கிட்டப் போய், மூக்கு முட்டுகிற மாதிரி. பிறகு கவிழ்த்து வைத்து, உன் எழுத்தளவு அழகில்லாத என் எழுத்தில் எழுதினேன்: ‘வானம் பிழை. ஓரத்தில் நிற்பது கொக்கா, தேத்தண்ணிக் கேத்தலா? தண்ணீர் சரி.’

முதல் இரண்டும் உடனே வந்தன. கடைசி இரண்டு சொல்லுக்குத்தான் நேரம் எடுத்தது. இருபது வருடத்தில் ஒருவருக்கும் நான் எழுதாத சொற்கள் அவை. உனக்குத் தந்திருக்கலாம், பனிச்சங்கேணியில் ஜீப்பிலிருந்து கத்தியதற்குப் பதிலாக இறங்கி வந்து பக்கத்தில் நின்றிருந்தாலே போதும். பற்றிஸ் இரண்டையும் நானே தின்றேன். நேற்றையது, நமுத்துப்போயிருந்தது.

நாளைக்கு ஏறாவூர் பஸ்ஸில் ஏறப் போகிறேன். அந்தத் தையல்கடை இன்னும் இருக்கிறதா, அந்த மனிதர் இருக்கிறாரா, தெரியாது. தேடிப் பார்க்கவேண்டும். அவருடைய படத்தில் வானம் பிழை, மணல் பிழை, ஆட்களின் கால்கள் எல்லாம் பிழை. காயப்போட்ட வலை மட்டும் சரியாக இருந்தது, ஒவ்வொரு முடிச்சும். அன்றைக்கே எனக்குத் தெரியும். எழுதவில்லை.