நற்கருணைக்கு எழாதவர்

அன்புள்ள தம்பிக்கு,

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்த ஒருவர் மறுநாள் பூசையில் நற்கருணை அப்பம் வாங்காமல் உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம்? படித்தவள் என்று பெயர்தான். எனக்குத் தெரியவில்லை.

அப்பா போனதிலிருந்து உன் அத்தான் சனிக்கிழமை தவறாமல் தையல் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, கோயிலில் சாமியார் உட்கார்ந்து பாவம் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டி முன்னால் போய் நிற்கிறார். ஞாயிறு எல்லோரும் நற்கருணைக்கு எழும்போது முழங்காலை ஒதுக்கி எனக்கு வழி விடுகிறார், அவ்வளவுதான். மன்னிப்புக் கிடைத்தவர் வாங்கலாம். பாவத்தை விட மனமில்லாதவருக்குத்தான் சாமியார் மன்னிப்புத் தரமாட்டார். விட முடியாத பாவம் என்றால் என் புத்தி வேறு எங்கே போகும்? சட்டையைக்கூட முகர்ந்து பார்த்தேன். தையல் மெஷின் எண்ணெய் வாசனைதான்.

இன்று நானும் தொட்டிக்குப் போனேன், பல வருஷம் கழித்து. புருஷனைச் சந்தேகப்படுகிறேன் என்று ஆரம்பித்து, மெல்ல அவர் பேச்சை எடுத்தேன். தட்டிக்கு அப்பால் சாமியார் இருமினார். "அவர் பாவத்தை அவர் சொல்லிக்குவார்மா. நீங்க உங்களோடதைச் சொல்லுங்க" என்றார். அபராதமாக ஜெபம் எதுவும் தரவில்லை. "வீட்டுக்குப் போய் அவரையே கேளுங்க. ஒரு தடவை மட்டும்." அந்த 'ஒரு தடவை'யையும் சந்தேகப்பட்டுக்கொண்டே வீடு வந்தேன்.

கேட்டேன். அத்தான் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஒவ்வொரு வாரமும் மன்னிப்புக் கொடுத்துத்தான் அனுப்புறார். மாமா சாகிறப்போ சாமியார் வேணும்னு வாய்விட்டுக் கேட்டும் அவருக்குக் கிடைக்கல. நான் மட்டும் எப்படிப் போய் வாங்குறது?"

அப்பா போன அன்று நான் மருந்து வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது, "சாமியார் வந்துட்டுப் போயிட்டார்க்கா. அப்பா எல்லாம் சொல்லி முடிச்சிட்டார், எண்ணெயும் பூசியாச்சு" என்று நீதான் சொன்னாய். அத்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவின் முகத்தைக் கழுவியது நான். நெற்றியில் எண்ணெய் இல்லை. சாமியார் வரவேயில்லை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சாமியாரைப் பார்த்தால் சாகப்போவது தெரிந்து அப்பா பயந்துவிடுவார் என்று நினைத்தாயா? தெரிந்துதானே கேட்டிருக்கிறார். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். அப்பாவுக்கு இருந்தது.

சாமியாரைக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னது யார் என்று அத்தானை இரண்டாம் தடவை கேட்க மாட்டேன். நீ எழுது. அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், உடம்பைப் பார்த்துக்கொள். சொல்வதற்கு ஆண்டவர் உனக்குத் தைரியம் தரட்டும்.

அன்புடன்,
அக்கா

ஞாயிறு: கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. இன்று பூசையில் எல்லோரும் நற்கருணைக்கு எழுந்தார்கள். அத்தான் வழக்கம்போல முழங்காலை ஒதுக்கினார். நான் எழவில்லை. பெஞ்சில் இருந்த மற்றவர்கள் எங்கள் இருவரையும் தாண்டிப் போனார்கள்.