மிஸஸ் லிசாவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை

9 பெப்ரவரி 1988, செவ்வாய்

மழை. எங்கள் நோர்பரி ஸ்டேஷனில் ரயில் பிந்தி வந்தது. லண்டனின் மற்றப் பக்கம், ஃபின்ச்லி ரோட்டில் இறங்கி வீட்டைக் கண்டுபிடித்தபோது சப்பாத்து முழுக்க ஈரம்.

கடைசி வருடப் பிள்ளைகளைக் கல்லூரி ஆறு கிழமைக்கு ஒவ்வோர் இடமாக வேலை பழக அனுப்புகிறது. எனக்கு விழுந்தது கெர்டா லிசாவரின் போஸ்டர் வரையும் ஸ்டூடியோ. எங்கள் பாடப்புத்தகத்தில் அவருடைய போஸ்டர் ஒன்று முழுப்பக்கத்தில் இருக்கிறது. அதை வரைந்தவர், முழங்கை கிழிந்த கம்பளிச் சட்டையோடு தானே வந்து கதவைத் திறப்பார் என்று நான் நினைக்கவில்லை. எழுபத்தெட்டு வயது. என் தோளுக்குத்தான் வருவார்.

"கோப்பி குடிக்கிறாயா?" என்று கேட்டார். "இல்லை, பரவாயில்லை" என்றேன். தலையாட்டிவிட்டுத் தனக்கு மட்டும் ஊற்றினார். பிறகு பிஸ்கட் பெட்டியை நீட்டினார். அதற்கும் வேண்டாம் என்றேன். பெட்டியை மூடி அலுமாரியில் வைத்துவிட்டார். பின்னேரம் வரை பசி.

அம்மாவிடம் சொன்னேன்.

"திருப்பிக் கேக்கேல்லையோ? என்ன மனிசியப்பா! வீட்டுக்கு வந்த பிள்ளையை ஒருக்கால் கேட்டுப்போட்டு விடுறதே?"

அண்ணை பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டு சிரித்தான். "இவளுக்கு வெத்திலை வைச்சு அழைக்கோணும்."

12 பெப்ரவரி

மிஸஸ் லிசாவர் பென்சிலைத் தொடுவதில்லை. கறுப்புக் கடதாசியில் கத்தரிக்கோலால் நேரே எழுத்தை வெட்டுவார். வெட்டிய எழுத்துகளை நிலத்தில் பரப்பி, கதிரையில் ஏறி நின்று பார்ப்பார். போஸ்டரைப் பார்க்கிறவன் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறான், அவனுக்காக யாரும் பஸ்ஸை நிறுத்தப் போவதில்லை என்றார்.

இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது. அதனால் வெட்டுவது நான். இன்று நான் வெட்டிய எல்லாவற்றையும் குப்பையில் போட்டார். திட்டவில்லை. போட்டார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கடைப் பெயர்ப்பலகைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

24 பெப்ரவரி

சாப்பாட்டு நேரத்தில் தானாகவே கதைத்தார். பெர்லினில் ஓர் அச்சகத்தின் வரைதல் பிரிவில் சேர்ந்த முதல் பெண் அவர்தானாம். ஆண்களுக்கு ஜன்னலோரம், அவருக்குப் படிக்கட்டுக்குக் கீழே மேசை. ஹிட்லர் வந்ததும் யூதர் என்று அந்த மேசையும் போயிற்று. 1938இல் ஒரு பெட்டியோடு லண்டன் வந்திருக்கிறார். தாய் பெர்லினில் நின்றுவிட்டார். அதைச் சொன்னதும் எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவத் தொடங்கினார்.

இங்கே வேலையெல்லாம் ஆங்கில முதலெழுத்தோடு "ஜி. லிசாவர்" என்ற பெயரில்தான். வாடிக்கையாளர்கள் ஆண் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருநாள் சவர்க்காரக் கம்பெனிக்காரர் ஒருவர் நேரிலே வந்து, கதவைத் திறந்த இவரிடம், "மிஸ்டர் லிசாவர் வரும்வரை ஒரு தேநீர் கிடைக்குமா?" என்றாராம். இவர் தேநீரைக் கொடுத்துவிட்டு, எதிரே அமர்ந்து, வரைபடங்களை விரித்து, "சரி, தொடங்குவோமா?" என்றாராம்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வீட்டில் முதல் தடவை.

3 மார்ச்

பாடப்புத்தகத்தில் இருக்கும் அந்தப் போஸ்டர் யுத்த காலத்தது. பழைய கடதாசியைச் சேமிக்கச் சொல்வது. அது லண்டன் ஸ்டேஷன்களில் தொங்கிய மாதங்களில், அதைச் செய்தவரை ஜெர்மன்காரி என்று இங்கிலாந்து அரசாங்கமே ஐல் ஒஃப் மேன் என்ற தீவில் அடைத்து வைத்திருந்ததாம். நாஜிகளுக்குப் பயந்து ஓடி வந்தவரை! போஸ்டரிலும் பெயர் இல்லை.

"கோபம் வரவில்லையா?" என்று கேட்டுவிட்டேன். நானா கேட்டேன்?

"வந்தது. அந்தத் தீவில் நல்ல கடதாசியே கிடைக்கவில்லை."

இன்று நான் வெட்டிய ஓர் எழுத்தைக் குப்பையில் போடவில்லை.

18 மார்ச், வெள்ளி

கடைசி நாள்.

எப்படி எழுதுவது? மேலங்கியைப் போட்டுக்கொண்டு நின்றேன். மிஸஸ் லிசாவர் வந்து, "பரீட்சை முடிந்ததும் இங்கே வேலைக்கு வருகிறாயா? முழுநேரம்" என்றார்.

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது என்ன? "இல்லை, பரவாயில்லை. உங்களுக்கு ஏன் கரைச்சல்."

ஏன்? ஏனெண்டால் அப்பிடித்தான் சொல்லிப் பழக்கம். கேட்டவுடன் பாய்ந்து பிடிக்கிறதோ? இன்னொருக்கால் கேட்பா, அப்ப தலையை ஆட்டுவம் எண்டு நினைச்சன்.

"சரி. தெளிவாகச் சொன்னதற்கு நன்றி" என்று கையைக் கொடுத்தார்.

பொத்தான்களை மெதுவாகப் போட்டேன். குடையை எடுத்துத் தந்தார். படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றேன், கூப்பிடுவார் என்று. மேலே ரேடியோதான் கேட்டது.

19 மார்ச்

ரெலிபோன் வரவில்லை.

22 ஏப்ரல்

கல்லூரியில் சொன்னார்கள். அந்த வேலையை லூசி என்ற பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாராம். வேறு கல்லூரியாம்.

லூசியிடம் கேட்டவுடன் "ஓம்" என்றிருப்பாள். அவள் வீட்டில் அப்படித்தான் பழக்கியிருப்பார்கள்.

9 ஜூலை

பட்டம் கிடைத்துவிட்டது. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் நான்தான் முதல் ஆள். அம்மா பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லோருக்கும் கேக் கொடுத்தா. "றோஸ்மலர் டிகிரி முடிச்சிட்டாள்." என்ன டிகிரி என்று ஒருவர் கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "லண்டன் டிகிரி" என்றா.

5 செப்ரெம்பர்

கவுன்சிலில், எங்கள் பகுதி நகரசபையில், வேலை கிடைத்தது. குப்பை எடுக்கும் நாள், நூலகம் திறக்கும் நேரம், இவற்றுக்கான துண்டுப்பிரசுரங்கள். மேலே தடித்த எழுத்து, கீழே மெல்லிய எழுத்து.

அண்ணைக்குப் பெரிய சந்தோஷம். "கவுன்சில் வேலை எண்டா பென்ஷன் இருக்கு. இனி உனக்கு ஒரு கவலையும் இல்லை."

கவலை இல்லை. உண்மைதான்.

14 ஜனவரி 1989

விக்டோரியா ஸ்டேஷன் புத்தகக் கடையில் ஒரு புதிய புத்தகத்தின் அட்டை. பெயரைப் பார்க்கவே தேவையில்லை, மிஸஸ் லிசாவரின் வேலை என்று தூரத்திலேயே தெரிந்துவிட்டது. புத்தகத்தை எடுத்து எழுத்துகளின் ஓரத்தை விரலால் தடவினேன். யார் வெட்டியது? நல்ல வெட்டு. அது இன்னும் மோசம்.

ரயிலை விட்டுவிட்டேன்.

6 மே, சனி

மிட்சம் பகுதியில் ஒரு சினேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஃபின்ச்லி ரோட்டுக்குப் போனேன். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன். மேல் ஜன்னலுக்குள் மஞ்சள் தலைமயிரோடு ஒரு பிள்ளை குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். பிறகு கதிரையில் ஒரு சின்ன உருவம் ஏறியது. அந்தப் பிள்ளை எழும்பி வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

என்னை அப்படிப் பிடிக்கச் சொன்னதில்லை. அப்போது தேவைப்படவும் இல்லை.

மணி அடித்திருக்கலாம். வேண்டாம் என்ற வாயால் வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

30 நவம்பர்

நூலகம் திறக்கும் நேரம் மாறிவிட்டது. அதே பிரசுரம், புதிய நேரம்.

17 ஜூன் 1990

அம்மா என் கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கண்டிருக்கிறா. நான் இரண்டு வருடமாக வெட்டிய எழுத்துகள். நிலத்தில் கொட்டிவிட்டு அவற்றின் நடுவில் உட்கார்ந்திருந்தா.

"இதென்ன பிள்ளை?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டதை, நான் வேண்டாம் என்றதை, பொத்தான் போட்டதை. அழுகை வந்துவிட்டது.

அம்மா என்னைத் திட்டவில்லை. "அவ இன்னொருக்கால் கேட்டிருக்க வேணும்" என்றா. ஓர் எழுத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "அவ கேக்காட்டி நீ போய்க் கேள்" என்றா.

26 செப்ரெம்பர், புதன்

போனேன். கவுன்சிலுக்குத் தலையிடி என்று சொல்லிவிட்டு. வாசலில் நின்ற நேரத்துக்குள் அடுத்த வீட்டு நாய்கூட என்னோடு பழகிவிட்டது.

மிஸஸ் லிசாவர் மெலிந்துவிட்டார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். கோப்பி வேண்டுமா என்று கேட்டார். ஓம் என்றேன். குடித்தேன். கசப்பு.

"நீங்கள் கேட்ட வேலை எனக்கு வேண்டும்" என்றேன். ரயிலில் மனப்பாடம் செய்துகொண்டு போன வசனம். மூச்சு விடாமல் சொன்னேன்.

"அது இரண்டு வருடத்துக்கு முன். இப்போது லூசி இருக்கிறாள். இரண்டு பேருக்கு இங்கே வேலை இல்லை. இல்லை."

நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முடிந்தது. நல்லது, இனிமேல் நினைக்கத் தேவையில்லை.

இரவு

அம்மாவிடம் சொன்னபோது அவ மீன் வெட்டிக்கொண்டிருந்தா. தலையை நிமிர்த்தவில்லை.

"முதல்தரம் இல்லையெண்டுதான் சொல்லுவா. நீயும் அப்பிடித்தானே சொன்னனி? திருப்பிப் போய்க் கேள்."

"அம்மா, இங்கத்தை ஆக்களுக்கு இல்லையெண்டா இல்லைதான்."

"ஆருக்கடி? மனிசருக்கோ?"

10 ஒக்ரோபர்

மறுபடி போனேன். மிஸஸ் லிசாவரே திறந்தார்.

"இல்லை என்று சொன்னேனே. ஏன் வந்தாய்?" கோபமில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

எனக்குப் பொய் ஒன்றும் வரவில்லை. "எங்கள் வீட்டில் முதல் தடவை சொல்லும் 'இல்லை'யைக் கணக்கில் எடுப்பதில்லை" என்றேன். "அன்றைக்கு நான் சொன்னதும் அந்த மாதிரித்தான். நீங்கள் இன்னொரு தரம் கேட்பீர்கள் என்று படியில் நின்றேன்."

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். தெருவில் பால் வண்டி போனது.

"என் தாய் இங்கே வர அனுமதி கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன்" என்றார். "மேசைக்குப் பின்னால் இருந்தவர் இல்லை என்றார். நான் நல்ல வளர்ப்பு. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பிறகு கேள்விப்பட்டேன், திரும்பத் திரும்பப் போன சிலருக்குக் கிடைத்ததாம். எனக்குக் கிடைத்திருக்குமோ, யாருக்குத் தெரியும். யுத்தம் தொடங்கிவிட்டது. தாயை நாஜிகள் கொண்டுபோய்விட்டார்கள்."

அவர் கையைப் பிடிக்க நினைத்தேன். பிடிக்கவில்லை.

"கிழமைக்கு மூன்று நாள். உன் கவுன்சில் சம்பளத்தில் பாதிகூட வராது. வருகிறாயா?"

வாயில் முதலில் வந்தது பழைய சொல்தான். விழுங்கிவிட்டு, "வருகிறேன்" என்றேன்.

11 ஒக்ரோபர்

அண்ணை சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டான். "விசரே உனக்கு? பென்ஷனை விட்டிட்டுக் கடதாசி வெட்டப் போறியோ? அந்த மனிசி இன்னும் எத்தினை நாளைக்கு?"

"எனக்குத் தெரியாது அண்ணை."

"தெரியாமத்தான் போறியோ?"

"ஓம்."

அம்மா அவன் கோப்பையைத் திரும்பவும் அவன் முன்னால் தள்ளினா. "சாப்பிடு. ஆறுது."

20 மே 1991

லூசி லீவு. மிஸஸ் லிசாவர் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து அறையில் படுத்துவிட்டார். இப்போதெல்லாம் பின்னேரங்களில் அப்படித்தான்.

அச்சகத்திலிருந்து ரெலிபோன். புதிய போஸ்டரின் சிவப்புக் கொஞ்சம் கறுத்துவிட்டதாம், ஒருவருக்கும் தெரியாதாம், அப்படியே விடலாமா என்று மேற்பார்வையாளர் கேட்டார். காலையில் வந்த மாதிரித்தாள் மேசையில்தான் கிடந்தது. எழும்பிப் போய் அறையின் மற்ற மூலையில் நின்று பார்த்தேன். சிவப்புக் கறுத்ததில் பெயர் படத்துக்குள் அமிழ்ந்து போயிருந்தது.

"விட முடியாது. திரும்ப அடியுங்கள்" என்றேன்.

"மிஸஸ் லிசாவரை ஒருதரம் கேட்டுப் பாருங்களேன்."

"தேவையில்லை."

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக."

வைத்துவிட்டேன். அவர் எழும்பியதும் சொல்ல வேண்டும் என்று எல்லா வசனத்தையும் ஒழுங்குபண்ணிக்கொண்டு இருந்தேன். நாலரை மணிபோல எழும்பி வந்தார்.

"அச்சகம் எடுத்ததா?"

"எடுத்தது. சிவப்பு சரியில்லை. திரும்ப அடிக்கச் சொல்லிவிட்டேன்."

"ம்" என்றார். மாதிரித்தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பசிக்கிறது, பாண் இருக்கிறதா என்று கேட்டபடி குசினிப் பக்கம் போனார்.