புயலில் சாகாத டெனிஸ்

நெப்ராஸ்கா
27 மார்ச் 1994

அன்பு மகன் கியரனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாடுகள் எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்றே எடுத்துக்கொள்கிறேன், உடம்புக்கு ஏதாவது வந்திருந்தால் ஒரு வரியாவது எழுதியிருப்பாய். அலாஸ்காவில் மீன் டப்பா அடைக்கும் ஆலையில் மூன்றே வாரம் வேலை என்று போன ஏப்ரலில் கிளம்பினாய். அந்த ஊரில் ஒரு வாரத்துக்கு எத்தனை நாள் என்று யாரிடமாவது கேட்டு எழுது. அம்மாவுக்கு முழங்கால் வலி. பசுக்கள் கன்று போடும் நேரம், வேலைக்கு ஆள் இல்லை, அறுபத்துநான்கு வயதில் சேற்றில் முழங்கால் போட்டுக் கன்று இழுக்கிறேன், நல்ல உடற்பயிற்சி என்று டாக்டர் சொல்கிறார். அவர் இழுத்துப் பார்த்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வம்சத்தின் மகான், என் கொள்ளுத்தாத்தா டெனிஸ் கில்ஃபாயில் இருக்கிறாரே, அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்து இந்தப் புல்வெளியில் மண்கட்டியால் வீடு கட்டி, 1888 ஜனவரிப் பனிப்புயலில் மந்தையைத் தேடிப் போய் உறைந்து செத்தவர், அவருக்குப் புதுக் கல்லறைக் கல் வைக்க பெர்னடெட் அத்தை புறப்பட்டது உனக்குத் தெரியும். பழைய கல்லின் கீழே உடம்பு கிடையாது, ஓநாய் இழுத்துப் போயிருக்கும் என்று அவளே முடிவு செய்து வைத்திருந்தாள். அதனால் என்ன, வருஷா வருஷம் ஜனவரி பன்னிரண்டில் அவருக்குப் பூசை வைத்து, பனியில் நின்று, அந்தக் கல்லின் மேல் ஒரு தம்ளர் விஸ்கி ஊற்றிவிட்டு வருகிறோம். மிச்சத்தை நான் குடிக்கிறேன், அது பக்தி.

நிலம் நம் பெயருக்கு எழுதப்பட்ட வருஷத்தையும் கல்லில் பொறிக்கலாமே என்று அத்தை வாஷிங்டனுக்கு எழுதிப்போட்டாள். பழைய நிலக் கோப்பின் நகல் போன வாரம் வந்தது. எங்கள் சாப்பாட்டு மேஜையில்தான் பிரித்தோம். நிலம் டெனிஸ் பெயரில் இல்லை. அவர் மனைவி ஹனோரா பெயரில் இருக்கிறது, கணவனால் கைவிடப்பட்டவள் என்று போட்டு. அந்தக் காலத்தில் ஐந்து வருஷம் நிலத்தில் குடியிருந்து உழுததாக இரண்டு சாட்சிகளோடு சத்தியம் செய்தால்தான் நிலம் கிடைக்கும். ஹனோரா செய்திருக்கிறாள். 1887 ஏப்ரலில் கணவர் கோவேறு கழுதையை ஓட்டிக்கொண்டு, ரயில் பாதை வேலைக்கு, ஒரே வாரத்தில் வருகிறேன் என்று போனார், அதற்குப் பிறகு தகவல் இல்லை, நானும் நான்கு பிள்ளைகளும் முப்பது ஏக்கர் உழுதோம், கிணறு வெட்டினோம் என்று. புயலுக்கு ஒன்பது மாதம் முன்னாலேயே ஆள் போய்விட்டார், பாவம் அந்தப் புயல் மேல் நூறு வருஷமாக வீண் பழி. சாட்சி சொன்ன பக்கத்து நிலத்துக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், புயல் அடித்த வருஷத்துக்கு அடுத்த கோடையில் டெனிஸை வயோமிங்கில் பார்த்தேன், நல்ல சதை போட்டிருந்தார் என்கிறார். உயிரோடு திரிந்த மனுஷனின் ஆன்மா இளைப்பாற எத்தனை பூசை பார், கியரன்.

அத்தை முகம் வெளுத்துவிட்டது. இது வேற எவளோ ஹனோராடா, அந்தக் காகிதத்த அடுப்புல போடு, கல்லு செஞ்சு வந்தாச்சு என்றாள். நான் சிரித்தேன், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. உன் அம்மாதான் கோப்பை இரண்டாம் முறை படித்துவிட்டுச் சொன்னாள், புயல்ல செத்தாருன்னு புள்ளைங்ககிட்ட சொன்னது அவளாத்தான் இருக்கும், பாவி மக, வேற என்னத்தச் சொல்லுவா என்று. ஹனோரா வெட்டிய கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த நான், ஓடிப்போனவர் பெயரைச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். உன் மகள் ஊனா அங்கேதான் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள், எட்டு வயதுக்குக் காது கூர்மை. அவள் அம்மா ஜோலீன் அவளை அழைத்துப் போக வந்தாள், பெர்னடெட் அத்தையிடம் இரவல் வாங்கிய காரில், ஜோலீனுடைய பிக்கப் வண்டியைத்தான் நீ கொண்டுபோய்விட்டாயே. டெனிஸ் கழுதையோடு நிறுத்திக்கொண்டார். கோட்டை மாட்டிக்கொண்டே ஊனா என்னிடம் கேட்டாள், தாத்தா, எங்கப்பாவும் புயல்லதான் மாட்டிக்கிட்டாரா என்று. ஜோலீன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லடா கண்ணு, அவருக்கு ஒண்ணும் ஆகல, நல்லா இருக்காரு என்றேன்.

கல்லைத் திருப்பி அனுப்பவில்லை. பின்பக்கத்தில் ஹனோராவின் பெயரைப் பொறித்து அந்தப் பக்கத்தையே வெளியே பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், டெனிஸ் வேலியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

கர்த்தரும் புனித பிரிஜித்தும் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும், கொஞ்சம் புத்தியும் கொடுக்கட்டும். பிக்கப்புக்கு எண்ணெய் மாற்று, அவ்வளவு தூரம் திரும்பி ஓட்ட வேண்டுமே. மே எட்டாம் தேதி, ஞாயிறு, பத்து மணிப் பூசையில் ஊனாவுக்குப் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்கப்போகிறாள். முதல் வரிசையில் உனக்கு இடம் போட்டு வைக்கிறேன். அந்த இடம் காலியாக இருந்தால் குழந்தை மறுபடி என்னிடம்தான் கேட்பாள். பிள்ளைகளிடம் சொல்ல ஹனோரா கைக்கு ஒரு புயலாவது கிடைத்தது. மே மாதத்தில் இங்கே பனிப்புயல் அடிப்பதில்லை, கியரன்.

இப்படிக்கு,
இனிமேல் ஹனோராவின் கொள்ளுப்பேரன் என்று மட்டும் சொல்லிக்கொள்ளப்போகும் உன் அப்பா
டெர்மட் கில்ஃபாயில்