இரட்டைச் சைக்கிளின் முன் சீட்

மே 29, செவ்வாய்

என் முடி திருத்தும் கடையில் மதாம் பெர்த்தியேயின் தலையில் சாயத்தைப் பூசிவிட்டு மறந்தே போனேன். செம்பட்டை கேட்டவள் கத்தரிக்காய் நிறத்தில் எழுந்து போனாள். நல்ல மனுஷி, எதுவும் சொல்லவில்லை. ஊர் முழுக்க விஷயம் தெரியும்போல.

நேற்று டிஜோன் நகரத்தில் கண் டாக்டர் சொல்லிவிட்டார். என் புருஷன் ரெஜீஸுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. ஓரங்கள் தெரியும், நேர் எதிரே இருப்பது தெரியாது. காரைத் தொடக்கூடாது, சைக்கிளும் அப்படித்தான். திரும்பி வரும் ரயிலில் அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த டாக்டர் பொண்ணு படிச்சு முடிச்சுட்டாளா, இல்ல இன்னும் படிக்கிறாளா?"

ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன்: "சரி, இனிமே முன் சீட்ல நான் உக்காந்துக்கறேன். நீ பின்னால வா."

கத்தியைக் கீழே வைத்தான். "நீயா? இருபத்திரண்டு வருஷமா என் முதுகைத்தான் பாத்துட்டு வந்திருக்க. ரோடு எப்படி இருக்கும்னு தெரியுமா உனக்கு? கியர் எது, பிரேக் எதுன்னு தெரியுமா?"

நிஜம்தான். எங்கள் இரட்டைச் சைக்கிளில் நான் பின்னால் மிதிப்பவள் மட்டும்தான். திருப்புவது, நிறுத்துவது, வழி பார்ப்பது எல்லாம் அவன்.

"தனியா ஒரு நாள் சைக்கிள்ல ஷாத்தோ-ஷினோன் ஊர் வரைக்கும் போயிட்டு வா, ஜோ. அப்புறம் பேசலாம்" என்றான். நக்கலாகத்தான் சொன்னான். நான் அதைப் பந்தயமாக எடுத்துக்கொண்டேன். போய் வந்தால் அவன் பின்னால் ஏறியாக வேண்டும்.

ஜூன் 3, ஞாயிறு

பழைய ஒற்றைச் சீட் நீலச் சைக்கிளுக்கு டயர் மாற்றினேன். இரண்டு நகம் போச்சு. ரெஜீஸ் கராஜ் வாசலில் நின்று பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. அவன் வாயைத் திறக்காமல் இருப்பது உலக அதிசயம்.

ஜூன் 10, ஞாயிறு

நாளைக்குக் கிளம்புகிறேன். கடைக்கு எப்படியும் லீவு. மழை வராது என்கிறார்கள். பயமாக இருக்கிறது, வேறென்ன.

ஜூன் 11, திங்கள்

கால் இரண்டும் என்னுடையது மாதிரி இல்லை. படுப்பதற்குள் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் நாளைக்குக் கோபம் ஆறிப்போய், ஒன்றுமே நடக்காத மாதிரி காப்பி போட்டுக் கொடுப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

காலையில் எங்கள் ஊரை விட்டு வெளியே வந்ததும் முதல் ஆச்சரியம் — காற்று! இத்தனை வருஷமும் அவன் முதுகு தடுத்துக்கொண்டிருந்த காற்று மொத்தமும் என் மூஞ்சியில். அப்புறம் சாலை. சாலை என்பது இவ்வளவு வேகமாக நம்மை நோக்கி வரும் என்று யாராவது சொன்னார்களா? பள்ளம், கல், நசுங்கின முள்ளெலி, மரம் ஏற்றிய லாரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. பின் சீட்டில் நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வெள்ளை மாடுகளை எண்ணிக்கொண்டு போவேன். இன்றைக்கு ஒரு மாட்டைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

மேடு வந்தது. கியரைத் தப்பான பக்கம் தள்ளினேன், சங்கிலி கழன்றது. மாட்டினேன். மறுபடி கழன்றது. ரெஜீஸை, அவன் அம்மாவை, சைக்கிளைக் கண்டுபிடித்தவனை எல்லாம் திட்டித் தீர்த்தேன். மூன்றாவது தடவை கழலவில்லை. இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்த பிடியில் விரல் மரத்துவிட்டது. ஆனாலும் ஒரு வளைவை வெட்டித் திரும்பியபோது, அடடா, இந்த சுகத்தை இவ்வளவு நாளும் தனியாகவா அனுபவித்தான் திருடன் என்று தோன்றியது.

பத்தரைக்கு ஒரு ஊர். ரொட்டிக்கடை மூடியிருந்தது. காப்பிக்கடையில் நாற்காலிகள் தலைகீழாக இருந்தன. திங்கட்கிழமை, இந்தப் பக்கம் பாதிக் கடைகளுக்கு லீவு! திங்கள்தோறும் கடையை மூடுகிற நானே அதை மறந்தேன் பாருங்கள். சாப்பாடு கட்டுவது எப்போதும் அவன் வேலை, அதனால் வந்த வினை. பையில் இரண்டு பிஸ்கட் இருந்தது. தண்ணீருக்குக் கவலையில்லை, கல்லறைத் தோட்டத்தில் குழாய் இல்லாத ஊர் இந்தப் பக்கம் கிடையாது. பாட்டிலை நிரப்பிக்கொண்டு, அங்கே படுத்திருந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அப்புறம் அந்தப் பலகை. "பாதை மூடப்பட்டுள்ளது." சைக்கிள் ஓட்டுகிற எவனும் இந்த நாட்டில் அதை நம்பியதில்லை. கார்தான் போக முடியாது, நாம் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். ரெஜீஸ் ஒவ்வொரு தடவையும் அந்தப் பலகையைப் பார்த்ததும் மணியை அடித்து, "சைக்கிளுக்கு எப்பவும் வழி உண்டு!" என்று கத்துவான். நானும் இன்றைக்கு மணி அடித்தேன், கத்தினேன், போனேன். இரண்டாவது பலகை. போனேன். மூன்றாவது. போனேன். கீழே ஓடை. பாலம் இருக்கவேண்டிய இடத்தில் ஆகாயம்.

மரத்தடியில் சாலை வேலைக்காரர்கள் நாலு பேர் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார்கள்.

"மூணு இடத்துல பலகை வெச்சிருக்கோம், மதாம்" என்றான் மீசைக்காரன்.

"பாத்தேன்."

"பாத்துட்டுமா வந்தீங்க?"

"சைக்கிளுக்கு எப்பவும் வழி உண்டு."

கைதட்டிச் சிரித்தார்கள். "எல்லா சைக்கிள்காரங்களும் இதையேதான் சொல்றாங்க. கோயில்ல சொல்லித் தர்றாங்களா என்ன? வாங்க, உக்காருங்க. பாலம் எங்கயும் ஓடிப் போயிடாது, ஏற்கெனவே போயாச்சு."

ரொட்டி, சாசேஜ், சீஸ், ஒரு வாய் சிவப்பு ஒயின். வெட்கமே இல்லாமல் சாப்பிட்டேன்.

"தனியாவா சுத்தறீங்க? வீட்டுக்காரர்?"

"வீட்ல."

"புத்திசாலி" என்றான் ஒருவன்.

மீசைக்காரன் ரொட்டியை மென்றுகொண்டே பேசினான். "பலகைய மதிக்காதவங்கள நிறைய பாத்திருக்கேன். ஆனா போன செப்டம்பர்ல மேல ஏரிக்கிட்ட வேலை செஞ்சப்போ ஒரு இரட்டைச் சைக்கிள் வந்துச்சு பாருங்க. பலகைய உரசிட்டு நேரா வருது. குழாய் புதைக்கத் தோண்டின பள்ளம், ஆளுயரம். சாண் அளவு தள்ளிப் போச்சு! நாங்க எல்லாரும் கையை ஆட்டிக் கத்தறோம். முன்னால இருக்கற ஆளு தலையக்கூடத் திருப்பல. பின்னால ஒரு பொம்பள, சிரிச்சுக்கிட்டே எங்களுக்கு டாட்டா காட்டிட்டுப் போறா!"

மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அது நான்தான்.

நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏரிக்கரை, ஆரஞ்சு சட்டைக்காரர்கள், எவ்வளவு அன்பான ஜனங்கள் என்று நினைத்துக் கையசைத்தேன். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு ரெஜீஸ் மணி அடிக்கவில்லை. "எப்பவும் வழி உண்டு" என்று கத்தவும் இல்லை. ஏன்? பலகை அவனுக்குத் தெரியவே இல்லை. பள்ளமும் தெரியவில்லை.

"யாரோ பைத்தியங்க" என்றேன்.

ஓடையைத் தாண்டிச் சைக்கிளைத் தூக்கிவிட மாட்டோம் என்றார்கள், விழுந்தால் அவர்கள் வேலை போய்விடுமாம். சுற்றுவழி மலைமேல் ஏறிப் போகிறது. ஏறினேன். கோபத்தில் மேடே தெரியவில்லை. ஷாத்தோ-ஷினோன் போனேன், ஒரு எலுமிச்சை சோடா குடித்தேன், திரும்பினேன். அந்த ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

ரெஜீஸ் கேட்டில் நின்றிருந்தான். டயர் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டான். "போயிட்டு வந்துட்டியா! ஜோ! முழுசாவா?" சந்தோஷப்பட்டான், பாவி.

"ஏரிக்கரைல பள்ளம் இருந்துச்சே, உனக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

எந்தப் பள்ளம் என்று அவன் கேட்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தான். "நடுவுல சாம்பலா ஒரு புள்ளி. முதல்ல கண்ணாடி அழுக்குன்னுதான் நினைச்சேன். துடைச்சுக்கிட்டே இருந்தேன்."

"கண்ணாடி இல்லைன்னு எப்போ தெரிஞ்சுது?"

"ஆகஸ்ட்."

ஆகஸ்ட்! அக்டோபர் வரைக்கும் ஓட்டினோம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, மாடு எண்ணிக்கொண்டு வந்தவளை —

"சொல்லியிருந்தா வண்டி நின்னு போயிருக்கும், ஜோ."

"உயிர் நின்னு போயிருக்குமேடா!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.

ஜூன் 12, செவ்வாய்

அவனோடு பேசவில்லை. மூன்று பேருக்கு முடி வெட்டினேன். மூன்று பேரும் ரொம்பக் குட்டையாகிவிட்டது என்றார்கள்.

ஜூன் 14, வியாழன்

பேசவில்லை. சாப்பாட்டில் உப்பை மட்டும் அவன் கைப்பக்கம் நகர்த்தி வைத்தேன், எட்டாமல் தடவிக்கொண்டிருந்தான்.

ஜூன் 17, ஞாயிறு

காலையில் அவனே ஆரம்பித்தான். "அந்த வண்டிய வித்துடலாம்."

"பந்தயம் நான் ஜெயிச்சாச்சு" என்றேன்.

"தெரியும்."

"நான் ஓட்ட மாட்டேன்னு நினைக்கிறியா?"

"நீ நல்லா ஓட்டுவ. அது இல்ல." மேஜைத் துணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். "பின்னால உக்காந்தா என்ன வருதுன்னு தெரியாது. கையில பிரேக் கிடையாது. எப்படித்தான் உக்காந்த?"

"உன்னை நம்பி உக்காந்தேன், மடையா."

"அதான். முன்னால இருக்கறவன் என்னவெல்லாம் மறைக்கலாம்னு எனக்குத்தானே தெரியும்."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அழுதேன். மன்னித்துவிட்டேனா? இல்லை. அவன் செய்தது செய்ததுதான். ஆனால் இத்தனை நாளும் அவன் பிடிவாதம் பிடிக்கிறான் என்று நினைத்திருந்தேன். பிடிவாதம் இல்லை, பயம். பள்ளத்துக்குச் சாண் அளவில் என்னைக் கொண்டுபோனவன் இப்போது என்னைப் பார்த்துப் பயப்படுகிறான்! சிரிப்பதா அறைவதா?

வண்டியை விற்க மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 24, ஞாயிறு

முன் சீட்டை எனக்காகத் தாழ்த்தினேன். அவன் வந்து தடவிப் பார்த்து, "இன்னும் ஒரு விரல் இறக்கு" என்றான். இறக்கினேன்.

ஜூலை 2, திங்கள்

மாட்டுச் சந்தைத் திடல் காலியாக இருந்தது. ஒரே ஒரு சுற்றுதான் என்று சொல்லி ஏறினான்; அவன் உட்காருவதற்குள் நான் அவசரப்பட்டுக் கிளப்பி, முதல் சுற்றிலேயே புல்லில் சாய்ந்தோம். அவன் அடியில், வண்டி நடுவில், நான் மேலே. "எடை ஏறிட்ட, ஜோ" என்றான். கால் முட்டியில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை.

எழுந்ததும் சொன்னேன்: "கேளு. எனக்கு என்ன தெரியுதோ எல்லாத்தையும் சத்தமா சொல்லுவேன். தெரியாததையும் தெரியலன்னு சொல்லுவேன். பயந்தா பயமா இருக்குன்னு சொல்லி நிறுத்துவேன். போதுமா?"

சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

பின்னால் இருப்பவர் "தயார்" என்று சொன்ன பிறகுதான் வண்டி கிளம்ப வேண்டும். அதுதான் முறை. இத்தனை வருஷமும் அதை நான்தான் சொன்னேன், யோசிக்காமல் சொன்னேன். இன்றைக்கு நான் காலை அகட்டிக்கொண்டு, பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பின்னால் வண்டி அழுந்தியது, ஏறிவிட்டான். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தயார்" என்றான்.

திடலை விட்டு சாலைக்கே போய்விட்டேன். கத்திக்கொண்டே ஓட்டினேன்: கல்! பள்ளம்! டிராக்டர் வருது! வலது பக்கம் மாடு, நாலு, இல்ல அஞ்சு!

"மாடெல்லாம் எனக்குத் தெரியுது" என்றான் முதுகுக்குப் பின்னாலிருந்து. "நடுவுல இருக்கறத மட்டும் சொல்லு."

தனக்குத் தெரியாததைச் சொல்லு என்று அவன் யாரையும் கேட்டு நான் இதுவரை பார்த்ததில்லை.

"நடுவுல ரோடு இருக்கு. காலியா இருக்கு" என்றேன்.

"சரி. அப்போ மிதி" என்றான்.